கண்ணாடித் தகடுகளில் இருந்த விடை

1919 டிசம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எடிங்டன் ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வாண்டு மே 29ஆம் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, நட்சத்திர ஒளி சூரியனருகே வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்த பயணம் பற்றிய உரை அது. கேட்டவர்களுள் ஒருவர் தாவரவியல் படிக்க வந்திருந்த 19 வயது மாணவி செசிலியா பெய்ன். அறைக்குத் திரும்பியதும் அவ்வுரையை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்தார். அதன்பின் அவர் மனம் தாவரவியலில் ஒட்டவில்லை.

கேம்பிரிட்ஜுக்கும் சொந்தமாக ஒரு வான் ஆய்வகம் இருந்தது. எடிங்டனே அதன் பணிப்பாளர். ஆயினும் ஒரு பெண் அங்கே வானியல் கற்று எங்கே போவது? ரதபோர்ட்டின் பௌதிகவியல் விரிவுரையில் மாணவியர் முன்வரிசையில் அமரவேண்டும் என்பது விதி. பெய்ன் அங்கே தன்னந்தனியாக இருப்பார். ரதபோர்ட் அவரையே உற்றுப் பார்த்தபடி 'பெண்மணிகளே, கனவான்களே' என்று தொடங்குவாராம். பையன்கள் தரையில் காலை உதைத்து ஆரவாரிப்பார்களாம். அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கியது 1948இல்தான்.

1923இல் புலமைப்பரிசில் பெற்று அவர் கடல் கடந்தார். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரும் கேம்பிரிட்ஜ்தான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளது. அங்கே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வான் ஆய்வகம் 1839 முதல் இயங்கிவந்தது. 1847இல் நிறுவப்பட்ட அதன் 15 அங்குலத் தொலைநோக்கி அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆனால் பெய்னுக்குக் கைகொடுத்தது அதுவன்று. அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருந்த கண்ணாடித் தகடுகள். பல பத்தாண்டுகளாக வானைப் படம்பிடித்துச் சேர்த்தவை. பின்னாளில் அவற்றின் தொகை ஏறக்குறைய 5 இலட்சமாயிற்று. அத்தகடுகளில் பதிந்த நிறமாலைகளைப் பார்த்து, ஆனி ஜம்ப் கேனன் என்ற அம்மையார் 2,25,300 நட்சத்திரங்களை வகைப்படுத்திய பட்டியல் அப்போதுதான் தொகுதி தொகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது.

நிறமாலையில் ஒரு மூலகத்தின் கோடுகள் தடிப்பாகத் தெரிவதால் அம்மூலகம் அங்கே மிகுதி என்று பொருளல்ல. வெப்பநிலைக்கேற்ப அணுக்கள் இலத்திரன்களை இழப்பதால் கோடுகள் தோன்றும், மங்கும். இதனைக் கணக்கிடும் வழியை 1920இல் வெளியிட்டவர் கல்கத்தாவில் பணியாற்றிய மேகநாத் சாஹா. சாஹாவின் சமன்பாட்டையும் ஹாவார்ட் தகடுகளையும் ஒன்றுசேர்த்தார் பெய்ன். சிலிக்கன், இரும்பு முதலியவை ஏறத்தாழப் பூமியில் உள்ள விகிதத்திலேயே இருந்தன. ஐதரசனோ உலோகங்களைவிடப் பத்து இலட்சம் மடங்கு அதிகம் என்றது கணக்கு.

பூமியும் சூரியனும் ஒரே கலவை என்று அறிஞர்கள் நம்பிய காலம் அது. ஆய்வகப் பணிப்பாளர் ஹார்லோ ஷாப்லி அந்த முடிவைப் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நோறிஸ் றசலுக்கு அனுப்பினார். இது நடவாத காரியம் என்று பதில் வந்தது. இளம் ஆய்வாளரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடிய மனிதர் றசல். 1925இல் வெளிவந்த ஆய்வேட்டில், ஐதரசன், ஈலியம் பற்றிய தம் எண்கள் பெரும்பாலும் உண்மையல்ல என்று பெய்ன் எழுதினார். பத்திரிகை அலுவலகங்களில் உறுதியான செய்திக்கும் 'எனக் கூறப்படுகிறது' என்று வால் ஒட்டும் வழக்கம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே வாலை ஒட்டியவர் செய்தியைக் கண்டுபிடித்தவரே. பட்டத்தையும் ஹாவார்ட் வழங்கவில்லை. பெண்களுக்கான றாட்கிளிவ் கல்லூரியே கலாநிதிப் பட்டம் அளித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1929இல், வேறு வழியில் ஆராய்ந்த றசல் அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் ஆய்வைத் தம் கட்டுரையில் அவர் குறிப்பிடத் தவறவில்லை. எனினும் கண்டுபிடிப்பின் புகழ் நெடுங்காலம் அவருக்கே போயிற்று.

பெய்ன் ஹாவார்டிலேயே தங்கினார். குறைந்த சம்பளத்தில் ஆய்வுசெய்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய வகுப்புகள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப்பட்டியலில் அச்சிடப்படவே இல்லை. 1956இல்தான் பேராசிரியராகவும் வானியல் துறைத் தலைவராகவும் ஆனார். தாம் சரியென நம்பியதைப் பெரியவர் சொல்லுக்காக விட்டுக்கொடுத்தது தம் தவறே என்று தன்வரலாற்றில் எழுதினார்; றசலைச் சாடவில்லை. 1976இல் அமெரிக்க வானியல் கழகம் அவரைக் கௌரவித்து ஒரு விருது வழங்கியது. அவ்விருதின் பெயர் ஹென்றி நோறிஸ் றசல் விருது.