கைத்தடியிலிருந்து காலணி வரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்த மலைச் சரிவுகளில் உழைத்தவர்களில் தமிழர்கள் பலர். சுற்றுலா வருபவர்களுக்கு அது கண்ணுக்கு விருந்து. பார்வையற்ற ஒருவருக்கோ? நடைபாதை இல்லாத வளைந்த ரோடு, ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் சரிவு. தோட்டத்து வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு அவர் யார் துணையும் இல்லாமல் போய்வர முடியுமா? இந்தக் கேள்விக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

1921-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், விபத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் தம் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். வாகன ஓட்டிகள் தம்மைக் கவனிக்கட்டும் என்பதுதான் நோக்கம். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக, 1944-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹூவர் நீளமான தடியை வடிவமைத்தார். அடுத்த அடி விழப்போகும் இடத்தை முன்கூட்டியே தட்டிப் பார்க்கும் முறை அது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிறந்தது 1951-இல். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இன்றும் அதன் தலைமையிடம்.

தடிக்கு ஒரு குறை உண்டு. தரையைச் சொல்லும், தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைச் சொல்லாது. 1960-களில் லெஸ்லி கே என்ற விஞ்ஞானி வௌவாலின் வழியைப் பின்பற்றி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியை அறியும் கைவிளக்கு போன்ற கருவியைச் செய்தார். பின்னர் அதே நுட்பம் மூக்குக் கண்ணாடியில் ஏறியது. ஆனால் செய்தி காதுக்கு வந்தது. பார்வையற்றவருக்குக் காதுதானே கண்? வரும் லாரியின் ஓசையைக் கேட்பதா, கருவியைக் கேட்பதா?

அதற்கு விடை தோலில் கிடைத்தது. டெல்லி ஐ.ஐ.டி.யில் 2005-இல் மாணவர் திட்டமாகத் தொடங்கிய 'ஸ்மார்ட்கேன்' 2014-இல் வெளிவந்தது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். தடியின் பிடியில் பொருத்திய கருவி 3 மீட்டர் தூரம் வரை ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப ஒரு வினாடியில் சுமார் 60-இல் ஒரு பங்கு நேரம் போதும். உடனே பிடி கைக்குள் அதிரும். காது தன் வேலையைப் பார்க்கலாம்.

அதே காலத்தில் அனிருத் சர்மாவின் யோசனையில் பிறந்தது 'லேசல்' காலணி. செல்போனிலுள்ள ஜி.பி.எஸ். வழியைச் சொல்ல, வலப்பக்கம் திரும்ப வலக்காலணி அதிரும். இடப்பக்கம் என்றால் இடக்காலணி. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியிராவிட்டால், சாதாரண மக்களுக்கு இந்த யோசனையே சாத்தியமாகியிருக்காது.

ஆனாலும் சில மீட்டர் பிழை இன்றும் வரும். பட்டணத்தில் அது பக்கத்துக் கடை. தேயிலைத் தோட்டத்தில் அது பள்ளம். திருப்பத்தைச் சொல்லும் காலணிக்குக் கால்வாய் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது இன்றும் தடியின் நுனிதான். அதனால்தான் ஸ்மார்ட்கேன் தடியை ஒதுக்கவில்லை, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

கருவி வாங்கித் தருவதோடு கடமை முடிந்துவிடாது. கால்வாய்க்கு ஒரு மூடி, ரோட்டோரம் ஒரு நடைபாதை, தடியைப் பழக்க ஓர் ஆசிரியர். இவை தோட்டத்துக்கு வரும் நாளில்தான் அந்த மனிதர் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய்வருவார்.