டைனமோவும் வானொலியும்

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிய நாள் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக விளங்கிய எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன்னரே சோதனை ஒலிபரப்புகளை நடத்தி வந்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டே முதல் ஒலிபரப்புக் கருவி அமைந்தது என்பர். அன்று தொட்டு, வானொலி கேட்போரையும், ஆர்வத்தினால் தாமே நிலையம் அமைத்துப் பேசும் அமெச்சூர் வானொலியாளரையும் விடாது தொடரும் தொல்லை ஒன்றுண்டு. இரைச்சலும் ஒலி முறிவுமே அத்தொல்லை. அதனை வெல்ல முயன்ற வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தனியோர் இடம் உண்டு.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, கடனீரேரியின் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. பெயரிலே கொழும்பைத் தாங்கியிருப்பினும், தலைநகரிலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது அத்தொலைவு பன்மடங்காயிற்று. கொழும்புத்துறை உட்படக் குடாநாட்டு ஊர்கள் யாவும் மின்சாரம் இழந்தன. வடக்கே கொண்டு செல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் சேர்ந்தது. போர் எத்திசையில் நகர்கின்றது, பேச்சுவார்த்தைக்கு வழியுண்டா என்பவற்றை வெளியுலகிலிருந்து அறிய வானொலியே பெருந்துணை. 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்கு அங்கே காத்திருந்த செவிகள் பல. ஆனால் பெட்டி இருந்தது. அதனைப் பேசவைக்கும் ஆற்றல் இல்லை.

அந்நிலையில் கைகொடுத்தது துவிச்சக்கர வண்டி. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தனர். ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து செய்தி கேட்டனர். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது.

இதனை எளிய வேலையென்று எண்ணுதல் தவறு. துவிச்சக்கர வண்டியின் டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட் அளவினது. அது தருவது ஆடலோட்டம். பற்றரியால் இயங்கும் வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். இருவாயிகளைக் கொண்டு ஆடலோட்டத்தை ஒரு திசைப்படுத்தலாம். எனினும் அவ்வாறு கிடைப்பது அலையலையாக ஏறியிறங்கும் ஓட்டமே. அதனை அப்படியே செலுத்தினால் பேச்சுக்குள்ளே உறுமல் புகும். சக்கரத்தின் வேகத்துக்கேற்ப அவ்வுறுமலின் சுருதியும் மாறும். அதற்கு மருந்து மின்தேக்கி. மின்சாரம் மிகும்போது அது வாங்கி வைத்துக்கொள்ளும்; குறையும்போது திருப்பிக் கொடுக்கும். வரவு ஒழுங்கற்றதாயினும் செலவு ஒழுங்காக நடைபெறுவதற்கு இடையில் வைத்த சிறு களஞ்சியம் அது.

இன்றைய அமெச்சூர் வானொலியின் சிக்கலும் இதுவே என்பது வியப்பிற்குரியது. மென்பொருள் வானொலி என்னும் கருத்து 1990களின் தொடக்கத்திலே உருப்பெற்றது. 2012ஆம் ஆண்டளவில், கணினியிலே தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட மலிவான சிறு கருவிகளையும் அவ்வகை வானொலியாகப் பயன்படுத்தலாம் எனக் கண்டனர். இம்முறையில் அலை எண்களாக மாற்றப்படுகின்றது. வடிகட்டலும் பிரித்தெடுத்தலும் கணினியின் கணக்கிலே நிகழ்கின்றன. இறுதியில் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் ஒழுங்கான வீதத்தில் ஒலி வெளிவர வேண்டும்.

கணினி வேறு வேலையில் ஒரு கணம் ஈடுபட்டால் அவ்வரவு தடைப்படும். ஆகவே இங்கும் இடையில் ஒரு களஞ்சியம் வைக்கின்றனர். 480 மாதிரிகள் கொள்ளுமாயின் அது நொடியில் நூறிலொரு பங்கிற்கே போதும். அதற்குமேல் தாமதித்தால் ஒலி படபடவென முறியும். 4,800 ஆக்கினால் முறிவு குறையும். ஆனால் ஒலி நொடியில் பத்திலொரு பங்கு பிந்தி வரும். தந்திக் குறியீட்டால் விரைந்து உரையாடுவோர்க்கு அத்தாமதமும் இடையூறே.

நுட்பமான காரணம் மற்றொன்றும் உண்டு. எண்களைத் தரும் கருவிக்கு ஒரு கடிகாரம். ஒலியை எழுப்பும் கருவிக்கு வேறொரு கடிகாரம். இரண்டும் முற்றும் ஒத்துப்போவதில்லை. வரவு செலவினும் நொடிக்கு 2 மாதிரி குறைந்தாற்கூட, 480 மாதிரிகள் நிறைந்த களஞ்சியம் 4 நிமிடத்தில் வற்றிவிடும். ஒழுங்கான இடைவெளி விட்டு ஒலி வெட்டுப்படுமாயின், முதலில் ஐயுற வேண்டியது இவ்விரு கடிகாரங்களையே.

குறையைக் கண்டறியும் முறை எளிது. வானலைவாங்கியின் கம்பியைக் கழற்றியதும் இரைச்சல் மறைந்தால், அது அக்கம்பி வழியே வந்தது. மறையாவிடின், மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். உறுமல் நின்றால் குற்றம் மின்வழங்கலினது. அதன் பின்னும் முறிவு தொடர்ந்தால், களஞ்சியத்தின் அளவையும் கடிகாரங்களின் ஒப்பையும் ஆராய வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல் இதற்குரிய விதி.

பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு முடிவுற்றது. இருளில் சக்கரம் சுழற்றிய குடாநாட்டு மக்களுக்கு மாதிரி வீதம் என்னும் சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், தடைப்பட்டு வருவதைத் தேக்கித் தடையின்றிக் கொடுத்தல் என்னும் நெறியை அவர்களுடைய வானொலிகளும் நம்பியிருந்தன. அவர்களுக்கு ஒரு சொல் தவறுவது, அன்றைய நாளின் செய்தியே தவறுவதாகும்.