உங்க மெயிலுக்கு மொத்தம் எத்தனை சாவி... எல்லாம் உங்க கையில்தான் இருக்கா?

பத்மநாபபுரம் அரண்மனைக்கு முதல்முறை வர்றவங்களுக்கு வாசல்லயே ஒரு குழப்பம் வரும். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில். ஆனால், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது மண் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அரண்மனைச் சாவி மட்டும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

அந்த அரண்மனைக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் சித்தப்பா பையனின் ஜிமெயிலும் அதே கதைதான்.

டிப்ளமோ முடித்துவிட்டு வளைகுடா வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். ஒருநாள் ராத்திரி போன். "அண்ணே, புது போன் வாங்கினேன். மெயிலு தொறக்க மாட்டேங்கு. பாஸ்வேர்டு சரியா போட்டாலும் ஓடிபி யாருக்கோ போகுண்ணே." ஸ்கிரீனில் தெரிந்த நம்பரின் கடைசி ரெண்டு இலக்கம் அவன் நம்பரே இல்லை. யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டபோது, கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன்தான் ஐடி உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். இவனிடம் அப்போது போன் இல்லை. ரெக்கவரி நம்பர் என்று கேட்ட இடத்தில் அந்த அண்ணன் தன் நம்பரைப் போட்டுவிட்டார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, வேலை சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான். இப்போது அந்தக் கடையும் இல்லை, நம்பரும் யாரிடம் இருக்கிறதோ! பாஸ்போர்ட் காப்பி, சர்ட்டிஃபிகேட், வரவேண்டிய இன்டர்வியூ மெயில் எல்லாம் உள்ளே. இவன் வெளியே.

தப்பித்தது பழைய போனால். டிஸ்பிளே உடைந்து மேஜையில் கிடந்த அதில் மெயில் இன்னும் லாகின் ஆகியிருந்தது. தக்கலையில் ஒரு கடையில் டிஸ்பிளே மாற்றி, அதன் வழியே உள்ளே போய் ரெக்கவரி நம்பரை மாற்றினோம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் கதை வேறு.

முதல் வேலை, இப்பவே பாருங்க: ஜிமெயில் ஆப்பில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் அக்கவுன்ட் பக்கத்துக்குப் போய், செக்யூரிட்டி பகுதியில் ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் இரண்டும் யாருடையது என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் அங்கே இருந்தால் அதுவும் ஆபத்துதான். அந்த நம்பர் பிறகு வேறொருவருக்குப் போகலாம்.

பாஸ்வேர்டே கேட்காத சாவி

அன்றைக்கு அதே செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அவன் மெயிலோடு மூன்று ஆப்கள் இணைந்திருந்தன. ஒன்று கேம், ஒன்று ரெஸ்யூமே தயாரிப்பது, மூன்றாவது இன்பாக்ஸைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் ஆப். "இதெல்லாம் எப்போ போட்டேன்னே ஓர்ம இல்லண்ணே" என்றான்.

'கூகுள் மூலம் உள்ளே வரவும்' என்ற பட்டனை அழுத்தும்போது நாம் பாஸ்வேர்டைக் கொடுப்பதில்லை. அதற்குப் பதில் கூகுள் அந்த ஆப்புக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. பெரும்பாலும் பெயர், மெயில் ஐடி, புரொஃபைல் படம் மட்டும்தான் போகும். அதில் பெரிய பயம் இல்லை. ஆனால், சில ஆட்-ஆன்கள் கேட்பது வேறு ரகம்: உங்கள் எல்லா மெயிலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதி. அதற்கு 'அலவ்' கொடுத்துவிட்டால், அந்த ஆப்பிடம் ஒவ்வொரு முறையும் யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள். உங்களுக்கு வரும் பேங்க் மெயில் அதற்கும் தெரியும்.

2017 மே 3-ம் தேதி உலகம் முழுக்க ஒரு மெயில் பரவியது. தெரிந்தவர் ஒருவர் கூகுள் டாக்ஸில் ஃபைல் பகிர்ந்ததுபோல இருக்கும். தொட்டால் கூகுளின் உண்மையான பக்கமே திறக்கும். அங்கே அனுமதி கேட்டு நின்றதோ 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலி ஆப். 'அலவ்' அழுத்தியதும் உங்கள் கான்டாக்ட் லிஸ்டில் இருப்பவர்களுக்கெல்லாம் அதே மெயில் போகும். ஒரு பாஸ்வேர்டுகூடத் திருடப்படவில்லை, தேவையே படவில்லை. கூகுள் சுமார் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டது.

அது மோசடி. மோசடியே இல்லாமலும் நடக்கும். அன்ரோல்.மீ என்றொரு இலவச சேவை, தேவையில்லாத சப்ஸ்கிரிப்ஷன் மெயில்களை நீக்கித் தந்தது. அதன் தாய் நிறுவனம், பயனாளர்களின் இன்பாக்ஸில் இருந்த லிஃப்ட் டாக்சி ரசீதுகளிலிருந்து எடுத்த தகவலை (பெயர் நீக்கித்தான்) போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017-ல் செய்தியானது. பயனாளர்களைத் தவறாக நம்பவைத்ததாக 2019-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இடையில் 2018-ல் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இன்னொன்றை வெளியிட்டது. ரிட்டர்ன் பாத் என்ற நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் சாஃப்ட்வேரைப் பழக்குவதற்காகச் சுமார் 8,000 மெயில்களை நேரடியாகப் படித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர்தானே படிக்குது என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. அதன்பிறகு கூகுள் விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால், நாம் கொடுத்த அனுமதியை நாம்தான் திரும்ப வாங்கணும்.

செக்யூரிட்டி பக்கத்திலேயே 'தேர்டு பார்ட்டி ஆப்ஸ்' பகுதியில் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தொட்டு, பயன்படுத்தாததை நீக்குங்கள். கம்ப்யூட்டரில் குரோம் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அதைத் தனியாகப் பார்க்கணும், இந்தப் பட்டியலில் வராது.

போன் ஆப்பில் தெரியாத கதவு

இது போனிலேயே குடியிருக்கும் நம் தலைமுறைக்கு. ஜிமெயிலுக்கு வரும் மெயிலெல்லாம் தானாக இன்னொரு முகவரிக்கும் போகும்படி வைக்கலாம். ஃபார்வர்டிங் என்று பெயர். ஒருமுறை யாராவது உங்கள் மெயிலுக்குள் நுழைந்து இதை வைத்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நிற்காது. காப்பி போய்க்கொண்டே இருக்கும். ஃபில்டர் வழியாகவும் செய்யலாம். 'பேங்க் என்ற சொல் இருந்தால் அங்கே அனுப்பு, இங்கே அழி' என்கிற மாதிரி. உங்களுக்கு அந்த மெயில் வந்ததே தெரியாது.

சிக்கல் என்னவென்றால், ஃபார்வர்டிங் செட்டிங் ஜிமெயிலின் போன் ஆப்பில் கிடையாது. நண்பர் லேப்டாப்போ, ஆபீஸ் கம்ப்யூட்டரோ, ஒரு தடவை இன்காக்னிட்டோவில் ஜிமெயிலைத் திறந்து, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், ஃபார்வர்டிங் டேபையும் ஃபில்டர்ஸ் டேபையும் பாருங்கள். அப்படியே இன்பாக்ஸின் அடியில் வலதுபக்கம் சின்ன எழுத்தில் 'டீட்டெய்ல்ஸ்' என்று இருக்கும். கடைசியாக எந்தெந்த இடத்திலிருந்து உங்கள் மெயில் திறக்கப்பட்டது என்று அது காட்டும். முடித்ததும் மறக்காமல் லாக் அவுட்!

புது வசதிகள்... எதை நம்பலாம்?

'அன்டூ சென்ட்' எல்லோருக்கும் தெரியும். அதற்கான நேரத்தை 30 விநாடி வரை நீட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. இதுவும் கம்ப்யூட்டர் செட்டிங்ஸில்தான். அவசரத்தில் ரெஸ்யூமே இணைக்காமல் மெயில் அனுப்புகிற ஆளாக இருந்தால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

'கான்ஃபிடென்ஷியல் மோட்' பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மெயிலுக்குக் காலாவதி தேதி வைக்கும், ஃபார்வர்டு செய்யவிடாது. ஆனால், வாங்கியவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கதை முடிந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பழைய தந்திரம். உங்கள் ஐடி-யில் 'அட்' குறிக்கு முன்னால் ஒரு பிளஸ் குறி போட்டு, ஏதாவது சொல் சேர்க்கலாம். மெயில் உங்களுக்கேதான் வரும். ஷாப்பிங் தளத்துக்கு ஒரு சொல், வேலைவாய்ப்புத் தளத்துக்கு ஒரு சொல் என்று கொடுத்து வைத்தால், பிறகு ஸ்பேம் வரும்போது உங்கள் ஐடி எங்கிருந்து கசிந்தது என்று பிடித்துவிடலாம். சில தளங்கள் பிளஸ் குறியை ஏற்காது.

அன்சப்ஸ்கிரைப் செய்ய இனி வெளி ஆப் தேவையில்லை. 2025 ஜூலை முதல் ஜிமெயிலிலேயே 'மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கம் வந்துவிட்டது.

அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் வரும் நீல டிக் 2023 மே மாதம் வந்தது. அடுத்த மாதமே ஒரு மோசடிக்காரர், யு.பி.எஸ் கூரியர் நிறுவனத்தின் பெயரில் டிக்கோடு மெயில் அனுப்பிக் காட்டிவிட்டார். கூகுள் ஓட்டையை அடைத்தது என்றாலும், டிக் இருக்கிறது என்பதற்காக லிங்க்கைத் தொடாதீர்கள்.

இப்போது ஏஐ. நீண்ட மெயிலை ஜெமினி நாலு வரியில் சுருக்கித் தருகிறது, வசதிதான். ஆனால், மெயிலுக்குள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ரகசியக் கட்டளை எழுதி வைத்தால் என்ன ஆகும்? உங்கள் கண்ணுக்குத் தெரியாது, ஜெமினிக்குத் தெரியும். 'உங்கள் பாஸ்வேர்டு திருடப்பட்டுவிட்டது, இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்' என்ற போலி எச்சரிக்கையைச் சுருக்கத்திலேயே வரவைக்கலாம் என்று 2025 ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் நிரூபித்தார். சுருக்கத்தில் போன் நம்பர் வந்தால் நம்பாதீர்கள்.

ஜோஹோ மெயிலுக்கு மாறலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். சென்னையையும் தென்காசியையும் மையமாகக் கொண்ட நம்ம ஊர் நிறுவனம், மத்திய அரசு ஊழியர்களுடையது உட்பட சுமார் 12 லட்சம் அரசு மெயில் கணக்குகளும் அதன் தளத்துக்கு மாறியிருக்கின்றன. தாராளமாக மாறலாம். ஆனால், மேலே சொன்ன சாவிகள் அங்கேயும் உண்டு. ரெக்கவரி நம்பரில் கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் இருந்தால் ஜோஹோவும் காப்பாற்றாது.

பழைய பாஸ்வேர்டையே எல்லாவற்றுக்கும் வைத்திருந்தால், பாஸ்கீக்கு மாறுங்கள். விரல் ரேகையோ முகமோ காட்டினால் போதும், போலி தளத்தில் அது வேலையே செய்யாது. அடுத்தவர் போனில் மட்டும் பாஸ்கீ உருவாக்காதீர்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

சித்தப்பா பையனுக்குக் கடைசியாக ஒன்று செய்தோம். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்தால், போனே இல்லாவிட்டாலும் உள்ளே நுழைய 10 பேக்கப் கோடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அதைப் பேப்பரில் பிரின்ட் எடுத்தோம். சித்தி அதை வாங்கி, நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.