சூவர்: நல்ல நீருக்கு வைத்த பெயர்

சூவர் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் துர்நாற்றம்தான் நினைவுக்கு வரும். வீட்டுக் கழிவுநீரை மண்ணுக்கடியில் கொண்டு செல்லும் குழாய் என்பதே இன்று அதற்குள்ள பொருள். ஆனால் இச்சொல் பிறந்த காலத்தில் அதற்கும் கழிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மழைநீரையும் குளத்து நீரையும் சதுப்பு நிலத்து நீரையும் வெளியேற்றும் வாய்க்காலுக்கு இட்ட பெயர் அது. நல்ல நீருக்கு வைத்த பெயர் சாக்கடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதற்கான விடையில் பல்லாயிரம் உயிர்களின் கதை அடங்கியிருக்கிறது.

சொல்லின் வேர்

1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. சூவரும் அவ்வழியே வந்ததுதான். மீன் வளர்க்கும் குளம் நிறைந்து வழியும்போது மிகுதியான நீரை வெளியேற்றும் வாய்க்காலைப் பழைய பிரெஞ்சில் அச்சொல் குறித்தது. அதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'அக்குவா' என்றால் நீர். மீன் தொட்டியைக் குறிக்கும் 'அக்குவேரியம்' என்ற சொல்லில் இருப்பதும் இதே அக்குவாதான். ஆக, சூவர் என்பதன் மூலப்பொருள் 'நீரை வெளியே விடுவது' என்பது மட்டுமே.

இதே எழுத்துகளைக் கொண்ட வேறு இரு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. ஒன்று, தைப்பவரைக் குறிப்பது. அதன் உச்சரிப்பு 'சோவர்'. மற்றொன்று, இடைக்காலத்தில் பிரபுக்களின் விருந்தில் இருக்கை ஒழுங்கையும் உணவு பரிமாறுவதையும் கவனித்த பணியாளரின் பெயர். அது 'அமர வைத்தல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றே தவிர, மூன்றும் வெவ்வேறு குடும்பத்துச் சொற்கள்.

'டிரெயின்', 'கட்டர்' என்ற மற்ற வடிகால் சொற்களிலும் அழுக்கின் சாயல் இல்லை. முன்னது நீரை வடிகட்டுவதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல். காய்ந்திருப்பதைக் குறிக்கும் 'டிரை' என்ற சொல்லுக்கு உறவு. பின்னது 'துளி' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

சட்டம் சொன்ன பொருள்

1531-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் சூவர் சட்டம் இயற்றப்பட்டது. அதில் பேசப்பட்டவை கடலைத் தடுக்கும் கரைகள், ஆற்றங்கரைகள், மதகுகள், வாய்க்கால்கள் ஆகியவை. அவற்றைப் பராமரிக்க ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். வெள்ளத்திலிருந்து பாதுகாப்புப் பெறும் நில உரிமையாளர்களிடம் வரி வசூலிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. மலேசியாவில் நீர்ப்பாசன, வடிகால் துறை செய்து வரும் பணியோடு இதை ஒப்பிடலாம்.

அப்படியானால் அன்றைய லண்டன் வாசிகளின் மலக்கழிவு எங்கே போனது? வீட்டுக்கு அடியிலோ பின்புறத்திலோ இருந்த குழிக்குள் போனது. அதை அள்ளுவதற்கென்றே இருந்த தொழிலாளர்கள் இரவில் வந்து வண்டியில் ஏற்றிச் சென்றனர். வயல்களுக்கு அது உரமாயிற்று. வீட்டுக் கழிவைச் சூவரில் விட 1815-ஆம் ஆண்டு வரை லண்டனில் அனுமதி இல்லை.

பொருள் மாறியது, ஆறும் மாறியது

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை. அதற்கான காப்புரிமைகள் 1775-லும் 1778-லும் பதிவாயின. வசதி படைத்தவர்களின் வீடுகளில் அது பரவ, குழிகள் நீரால் நிரம்பி வழிந்தன. 1848-இல் அமைக்கப்பட்ட மாநகரச் சூவர் ஆணையம் குழிகளை மூடிவிட்டு, வீட்டுக் குழாய்களைச் சூவரில் இணைக்கச் செய்தது. கெட்ட நாற்றமே நோயைத் தருகிறது என்பது அக்கால நம்பிக்கை. நாற்றத்தை வீட்டிலிருந்து அகற்றினால் நோயும் அகலும் என்று எண்ணினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் சூவர்கள் எல்லாம் மழைநீருக்காக வெட்டப்பட்டவை. அவை நேராகத் தேம்ஸ் ஆற்றில் போய் விழுந்தன. லண்டன் மக்களில் பலர் குடித்ததும் அந்த ஆற்று நீரைத்தான்.

1848, 1849-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி எனும் காலரா லண்டனில் 14,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1854-இல் அது மீண்டும் தாக்கியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரே வட்டாரத்துக்கு நீர் வழங்கிய இரு நிறுவனங்களை ஒப்பிட்டார். ஒன்று கழிவு கலந்த பகுதியில் நீர் எடுத்தது. மற்றொன்று 1852-லேயே ஆற்றின் மேல்பகுதிக்கு மாறியிருந்தது. முதல் நிறுவனத்தின் நீரைப் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 பேர் இறந்தனர். இரண்டாவதில் 37 பேர். அப்போதும் பலர் அவரை நம்பவில்லை.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் ஆறு அழுகி நாறியது. ஆற்றோரம் இருந்த நாடாளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. அதன் பிறகே விரைந்து சட்டம் வந்தது. பொறியாளர் ஜோசப் பசால்ஜெட், கழிவு நகருக்குள் ஆற்றில் விழாமல் கிழக்கே கொண்டு செல்ல 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சூவர்களைக் கட்டினார். 1866-இல் வந்த காலரா, அத்திட்டம் நிறைவு பெறாத கிழக்கு லண்டனில்தான் கொடுமையாகத் தாக்கியது. சூவர் என்றால் கழிவுநீர் என்ற பொருள் அக்காலத்திலேயே ஆழமாகப் பதிந்துவிட்டது.

இரு நீரும் ஒன்றல்ல

மழைநீரையும் கழிவையும் ஒரே குழாயில் கலந்த பழைய முடிவின் விலையை லண்டன் வெகுகாலம் கொடுத்து வந்தது. கனமழை பெய்தால் இரண்டும் சேர்ந்து ஆற்றில் வழியும். அதைத் தடுக்கவே தேம்ஸ் ஆற்றை ஒட்டி 25 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி, 2025-இல் முழுமையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

சிங்கப்பூரில் இரண்டுக்கும் தனித்தனி வழி. கழிவுநீர் மண்ணுக்கடியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி 2003 முதல் நியூவாட்டராக மறுபிறவி எடுக்கிறது. மழைநீரோ வீட்டருகே உள்ள லோங்காங் வழியே நீர்த்தேக்கத்தை அடைகிறது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர் சேகரிக்கும் பகுதியாகும். 1977 முதல் 1987 வரை பாடுபட்டுச் சுத்தம் செய்த சிங்கப்பூர் ஆறும், 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் வழியாகக் குடிநீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று.

மலேசியாவிலும் லோங்காங் நீர் ஆற்றில்தான் சேர்கிறது. நாட்டின் குடிநீரில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீர் மாசுபட்டதால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைபட்டது. ஆற்றில் விழுவது எதுவானாலும் குழாய்க்குத் திரும்பி வரும் என்பதை அன்று காலி வாளியோடு வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் சாயம் கழுவிய நீரையும் லோங்காங்கில் ஊற்றும்போது, "சாக்கடைதானே!" என்று சொல்வது பலருக்கு வழக்கம். அந்த ஒரு சொல்தான் கையைத் துணியச் செய்கிறது. ஆனால் வாசலுக்கு முன்னால் ஓடுவது சாக்கடை அல்ல. சூவர் என்ற சொல் முதன்முதலில் குறித்த அதே நீர்வழி அது. பிள்ளைகள் நாளை குடிக்கப் போகும் தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.