தாய்லாந்தின் ஓய்வுக்கால வாச விதிகள்: ஒரு பழைய உட்பிரிவின் சாட்சியம்

ஓய்வூதியம் பெறும் மேல்நாட்டவர் தம் எஞ்சிய காலத்தைக் கழிப்பதற்காக விலைவாசி குறைந்த தேசங்களை நாடிச் செல்லும் வழக்கத்தை ஆராய்வோர், கனடா தேசத்துச் சமூகவியல் அறிஞர் மாத்யூ ஹேய்ஸ் 2014இல் ஒரு கட்டுரையில் முன்வைத்து, 2018இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்த சித்தாந்தத்தையே இன்று பெரும்பாலும் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஈக்குவடோர் நாட்டு மலைநகரமாகிய குவெங்காவில் குடியேறிய வட அமெரிக்க முதியவர்களை ஆராய்ந்த அவர், சொந்த ஊரில் போதாத ஓய்வூதியம் விலை குறைந்த ஊரில் போதுமானதாகவும் சில வேளைகளில் தாராளமானதாகவும் ஆகிவிடுகிறது என்பதையும், இந்த இட வேறுபாட்டினால் விளையும் ஆதாயமே அவர்களை நகர்த்தும் விசை என்பதையும் எடுத்துக்காட்டினார். அந்த ஆதாயத்தின் பின்னால் உலக நாடுகளிடையே நீண்ட காலமாக நிலவிவரும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும், இச்சித்தாந்தத்தைத் தாய்லாந்துக்கும் அப்படியே பெயர்த்துப் பொருத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஹேய்ஸ் தேர்ந்துகொண்ட களத்திலேயே ஒரு விசேஷம் உண்டு. அதை அவருடைய வாசகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை. ஈக்குவடோர் 2000ஆம் ஆண்டில் தன் சொந்த நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரையே தன் நாணயமாக ஏற்றுக்கொண்ட தேசம். அமெரிக்க முதியவருக்கு ஓய்வூதியம் டாலரில் வருகிறது. சந்தையில் அவர் வாங்கும் உருளைக்கிழங்குக்கும் டாலரில்தான் விலை. அந்நாட்டு அரசு ஓய்வூதியரிடம் கேட்ட மாத வருமான வரம்பும் முதலில் 800 டாலர் என்றும், பின்னர் நாட்டின் அடிப்படை ஊதியத்தைப் போல் மூன்று மடங்கு என்றும், எப்போதும் அதே நாணயத்திலேயே குறிக்கப்பட்டது. ஓய்வூதியம், செலவு, அரசின் விதி ஆகிய மூன்றும் ஒரே அளவுகோலால் அளக்கப்படும் இடத்தில், விலைவாசி வித்தியாசம் ஒன்றே கண்ணுக்குத் தெரிவதும் மற்றவை மறைந்துபோவதும் இயல்பு. தாய்லாந்திலோ பிரிட்டிஷ் முதியவருக்குப் பவுண்டில் வருமானம், அந்நாட்டு நாணயமாகிய பாட்டில் செலவு, ஆண்டுக்கொரு முறை குடிவரவு அலுவலகத்து அதிகாரி புரட்டிப் பார்க்கும் வங்கிப் பாஸ் புத்தகத்தில் வேறொரு கணக்கு. இம்மூன்றும் ஒன்றோடொன்று இணங்கி நடப்பதில்லை. அவற்றின் பிணக்கே இந்நாட்டு ஓய்வுக்கால வாசத்தின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பிரமாணமாக நான் எடுத்துக்கொள்வது, தாய்லாந்து அரச போலீஸ் துறை 2008 நவம்பர் 25ஆம் தேதி பிறப்பித்த உத்தரவு. பௌத்த சகாப்தக் கணக்கில் 777/2551 என எண்ணிடப்பட்ட அந்த உத்தரவின் 2.22ஆம் பிரிவு ஓய்வுக்கால வாசத்தைப் பற்றியது. 50 வயது நிரம்பியவர் வங்கியில் 8,00,000 பாட் வைப்பாக வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அல்லது வைப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 8,00,000 ஆக வேண்டும். இவை தாய்லாந்தில் வாழும் முதியவர் எவரும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவை. எவரும் நின்று வாசிக்காத பகுதி அதன் இறுதியில் வரும் ஆறாம் உட்பிரிவு. 1998 அக்டோபர் 21ஆம் தேதிக்கு முன் நாட்டில் பிரவேசித்து, ஓய்வின் நிமித்தம் தொடர்ந்து தங்க அனுமதி பெற்று வந்தவருக்கு வேறு அளவு என்கிறது அது: 60 வயது நிரம்பியவராயின் 2,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 20,000 பாட் வருமானம், 55க்குக் குறையாமலும் 60 நிரம்பாமலும் இருந்தால் 5,00,000 பாட் அல்லது மாதம் 50,000.

நிலத்தைத் தானமாகக் கொடுக்கும்போது அதில் ஏற்கெனவே உழுதுவந்தோரை நீக்காமல் கொடுத்ததைக் குடிநீங்காத் தேவதானம் என்று நம் சோழர் கல்வெட்டுக்கள் குறிக்குமே, அதைப் போன்றதொரு பாதுகாப்பு இது என்று முதல் வாசிப்பில் தோன்றும். மறுபடியும் வாசித்தால் வேறு சில விஷயங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, எண்களுக்குள் அமைந்த விகிதம். பழைய அளவில் 20,000க்கு 2,00,000, 50,000க்கு 5,00,000 என இரு படிகளிலும் வைப்புத் தொகை மாத வருமானத்தைப் போல் சரியாகப் பத்து மடங்கு. தாய்லாந்துப் பெண்ணை மணந்து அங்கே தங்கும் கணவருக்கு இன்றும் கேட்கப்படும் 40,000, 4,00,000 என்ற அளவிலும் அதே பத்து மடங்குதான். ஓய்வூதியருக்கான புதிய அளவில் மட்டும் அந்த விகிதம் குலைந்து பன்னிரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகிறது. 65,000ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 7,80,000. ஆகவே புதிய தொகை பழையதன் மேல் ஏற்றிக் கட்டப்பட்டதன்று, ஓர் ஆண்டு முழுவதற்குமான செலவை முன்கூட்டியே கையில் காட்டு என்ற வேறொரு நியாயத்திலிருந்து பிறந்தது என்று கொள்ள இடமுண்டு. அத்துடன், வயது முதிர முதிரத் தேவை குறையும் என்று கருதி 60 கடந்தவரிடம் குறைவாகக் கேட்ட பழைய தாட்சண்யமும் புதிய அளவில் இல்லை. 50 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும் அங்கே ஒன்றே.

இரண்டாவது விஷயம் இதனினும் விசித்திரமானது. உத்தரவு பிறந்த அன்று 60 வயது நிரம்பாத ஒருவர் 1948 நவம்பர் 25க்குப் பின் பிறந்தவராகவே இருக்க வேண்டும். அப்படியானால் 1998 அக்டோபர் 21 அன்று அவருக்கு 50 வயதுகூட நிரம்பியிருக்காது. 55 என்ற பழைய வரம்பை விட்டு 50 என்ற புதிய வரம்பையே வைத்துப் பார்த்தாலும், அவர் அந்நாளில் ஓய்வூதியராக அனுமதி பெற்றிருக்க வழியில்லை. எனவே 5,00,000 பாட் என்ற இரண்டாம் படி, 2008இல் உயிரோடு எவரும் இல்லாத ஒரு வகுப்பாருக்கு அளித்த சலுகையாக நிற்கிறது! இதற்கு இரண்டு சமாதானங்கள் கூறலாம். வேறு காரியமாக 1998க்கு முன் வந்து இடைவிடாது தங்கியவர் பின்னாளில் ஓய்வூதியராக மாறினால் அவருக்கும் இது பொருந்தும் என்பது ஒன்று. ஆனால் ஓய்வின் நிமித்தம் தொடர்ந்து அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அந்த வாசிப்பு மிகவும் நெகிழ்த்திவிடுகிறது. மற்றொன்று, முந்தைய உத்தரவொன்றின் வாசகத்தை எழுத்தர் கணக்குப் பார்க்காமல் அப்படியே பெயர்த்தெழுதினார் என்பது. நான் இந்த இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். அது சரியானால், 1998 அக்டோபரில் 55 வயதாயிருந்த மிக இளையவரும் 2003 அக்டோபருக்குள் 60ஐ எட்டிவிடுவார் ஆதலால், இவ்வாசகம் அவ்விரு தேதிகளுக்கும் இடையில் எழுந்ததாக இருக்கலாம். ஒரு வாசகத்தின் உள்ளே கிடக்கும் எண்களைக் கொண்டே அதன் காலத்தைக் கணிக்கும் இம்முறையில் ஊகத்தின் பங்கு அதிகம் என்பதை நான் அறியாமலில்லை. இருந்தாலும் ஊகம் வேறு, வெறுங்கற்பனை வேறு.

1998 அக்டோபர் 21 என்ற அந்தத் தேதிக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம் என்பதை உட்பிரிவு சொல்லவில்லை. 1997 ஜூலை 2ஆம் தேதி பாட் நாணயத்தின் கட்டு அவிழ்க்கப்பட்டதும், டாலருக்கு 25 என்றிருந்த அதன் மதிப்பு 1998 ஜனவரியில் 56 வரை சரிந்ததும் யாவரும் அறிந்தவை. நாணயத்தின் வீழ்ச்சியை ஈடுசெய்யவே தொகையை உயர்த்தினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. இட ஆதாயச் சித்தாந்தத்துக்கும் அது வசதியானது, ஏனெனில் ஆதாயம் பெருகியதும் அரசு தன் பங்கைக் கேட்டது என்று கதை நேராக முடிந்துவிடும். ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சரிவின் மிக ஆழமான கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் பழைய 2,00,000 பாட்டின் டாலர் மதிப்பைக் காப்பாற்ற 4,50,000 போதும். 60 வயது கடந்தவரிடம் நான்கு மடங்காகக் கேட்டதற்கு நாணய வீழ்ச்சி பாதிக் காரணமாகலாம். மீதிப் பாதியை அதன் தலையில் ஏற்ற முடியாது. எத்தகைய முதியவர் வேண்டும் என்பதில் அரசுக்கு ஏற்பட்ட மனமாற்றத்தையே நான் இதில் காண்கிறேன். வருவோருக்கு ஆதாயம் மிகுந்திருந்த அதே நாளில், வந்து சேர்ந்துவிட்டவரை விதியின் உள்ளேயும் இனி வருவோரை வெளியேயும் நிறுத்தியது, ஒரு தேதி.

இதன் பிறகு நடந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 8,00,000 என்ற எண் இன்றுவரை அசையவில்லை. மாறியதெல்லாம் அதைச் சுற்றியுள்ள நாட்களும் அத்தாட்சிகளும்தான். 2008 உத்தரவின்படி பணம் விண்ணப்பத்துக்கு முன் மூன்று மாதமும், முதல் முறையாயின் 60 நாளும் கணக்கில் இருந்தால் போதும்; அனுமதி முத்திரை விழுந்த மறுநாளே அதை எடுத்துக்கொள்ள எவரும் தடை சொல்லவில்லை. 2019 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த 35/2562 எண் உத்தரவு, முன் இரண்டு மாதம், பின் மூன்று மாதம் முழுத் தொகையும் இருக்க வேண்டும் என்றும், ஆண்டின் மற்ற நாட்களில் அது 4,00,000க்குக் குறையவே கூடாது என்றும் விதித்தது. வைப்பில் சரிபாதி, அதை உடையவர் உயிரோடு அங்கே இருக்கும்வரை அவர் தொடக்கூடாத பணமாயிற்று. விலை குறைந்த நாட்டில் வாழும் ஆதாயத்தைக் கணக்கிடும் ஹேய்ஸின் சூத்திரத்தில், இந்த அசையாப் பணத்தை எந்தப் பத்தியில் எழுதுவது?

மாத வருமானம் என்ற மற்றொரு வழியும் அதே பருவத்தில்தான் குறுகியது. வருமானத்துக்கு அத்தாட்சியாக அந்தந்தத் தூதரகம் வழங்கிவந்த கடிதத்தை, அதில் கண்ட வருமானத்தைத் தம்மால் சரிபார்க்க இயலாது என்று கூறிப் பிரிட்டிஷ், அமெரிக்கத் தூதரகங்கள் 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டன. அதன்பின் மாதந்தோறும் 65,000 பாட்டுக்குக் குறையாமல் வெளிநாட்டிலிருந்து தாய்லாந்து வங்கிக்கு வந்து சேர்ந்ததற்குப் பன்னிரண்டு மாதக் கணக்கைக் காட்ட வேண்டியதாயிற்று. பவுண்டுக்கு 65 பாட் அளவில் கிடைத்த 2007இல் இதற்கு 1,000 பவுண்டு போதும். 40 பாட்டுக்குக் கீழே இறங்கிய 2019இன் பிற்பகுதியில் 1,625 பவுண்டும் போதாது. பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியமோ தாய்லாந்தில் வாழ்வோருக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லாததால் முதல் நாள் பெற்ற தொகையிலேயே நின்றுவிடுகிறது. இத்தகைய வேற்றுமை செல்லும் என்றே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயமும் 2010இல் கார்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் வாரம் 155.65 பவுண்டு என்ற புதிய முழு ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றுத் தாய்லாந்தில் குடியேறியவருக்கு, 2019இன் பிற்பகுதி நிலவரத்தில் பவுண்டு 40 பாட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மாதம் ஏறக்குறைய 27,000 பாட்தான். 1998க்கு முன் வந்த முதியவரின் 20,000 பாட் வரம்பை அது கடந்துவிடும். புதிய வரம்பில் பாதியைக்கூட எட்டாது.

காப்பீட்டு விதியிலும் இதே சுபாவம்தான். 2019 அக்டோபர் 31 முதல், தாயகத்திலேயே ஓ-ஏ வகை விசா பெற்று வந்தவர், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு 4,00,000 பாட்டும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு 40,000 பாட்டும் காப்பீடு செய்திருக்க வேண்டும் என்றார்கள். பிற்பாடு அது 30,00,000 பாட் அளவுக்கு உயர்ந்தது. ஓ வகை விசாவில் வந்து பின் ஓய்வூதியராகத் தங்கலை நீட்டித்துக்கொண்டவருக்கு இந்த நிபந்தனை இல்லை. ஹுவா ஹினில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே வயதும் ஒரே வைப்பும் உடைய இருவர் வசித்தால், ஒருவருக்குக் காப்பீடு கட்டாயம், மற்றவருக்கு இல்லை. காரணம் அவர்கள் வந்து சேர்ந்த வழி. வயது 75ஐத் தாண்டியவருக்குப் புதிய காப்பீடு கிடைப்பது எத்தனை அரிது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வரி விஷயத்தில் மீண்டும் ஒரு தேதி. ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குவோர், ஓர் ஆண்டில் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை அடுத்த ஆண்டில் கொண்டுவந்தால் வரி இல்லை என்று நெடுங்காலம் இருந்துவந்த வியாக்கியானத்தை, 2023 செப்டம்பரில் வருவாய்த் துறையின் 161/2566 எண் உத்தரவு நீக்கிவிட்டு, 2024 ஜனவரி 1 முதல் கொண்டுவரும் வருமானம் எந்த ஆண்டில் ஈட்டியதாயினும் வரிக்குரியதே என்றது. எழுந்த கூக்குரலைக் கேட்டோ வேறு காரணத்தாலோ, இரண்டே மாதத்தில் 162/2566 எண் உத்தரவு வந்து, அந்தத் தேதிக்கு முன் ஈட்டியதற்கு விலக்களித்தது. 1998இல் மனிதரை முன் வந்தவர், பின் வந்தவர் எனப் பிரித்த அதே கை, இம்முறை ஒரே மனிதரின் பணத்தை முன் ஈட்டியது, பின் ஈட்டியது எனப் பிரிக்கிறது. அந்தப் பிரிவினையை வங்கிக் கணக்கில் நிரூபித்துக் காட்டும் பொறுப்பு எழுபதும் எண்பதும் வயதான அந்த முதியவருடையது.

இடத்துக்கு இடம் விலை மாறுவதால் கிடைக்கும் ஆதாயத்தை நான் மறுக்கவில்லை. சியாங் மாயிலோ உடோன் தானியிலோ ஒரு வீட்டின் வாடகை லண்டன் வாடகையோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் அந்த ஆதாயம் அங்கே சென்ற எல்லோருக்கும் பொதுவானது. அவர்களில் எவர் நிலைத்தார், எவர் மூட்டை கட்டினார் என்பதை அது விளக்காது. அதை விளக்குவது எந்தத் தேதிக்கு முன், எந்த வகை விசாவில், எத்தகைய அத்தாட்சியோடு வந்தார் என்பதே. தாய்லாந்தைப் பொறுத்தவரை இட வேறுபாட்டைவிடக் கால வேறுபாடே கனமான காரணம் என்று நான் கொள்வதற்கு, ஆறாம் உட்பிரிவு ஒன்றே போதிய சாட்சி.

செல்வம் மிக்கவருக்கு மட்டும் இந்தத் தேதிகள் எதுவும் இல்லை. 2022 செப்டம்பர் 1 முதல் வழங்கப்படும் பத்தாண்டு விசாவின் வசதி படைத்த ஓய்வூதியர் என்னும் பிரிவில், ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்டுவோரும், 40,000க்குக் குறையாத வருமானத்தோடு 2,50,000 டாலரைத் தாய்லாந்தில் முதலீடு செய்வோரும் சேரலாம். அவர்கள் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு அரச ஆணையே வரிவிலக்கு அளித்திருக்கிறது. மாதம் 65,000 பாட் வரவழைத்துத் தங்கும் சாதாரண ஓய்வூதியருக்கு அந்த விலக்கு இல்லை.