வாடகை வீட்டின் வாரிசுகள்

சொந்த வீட்டுக்கு வாரிசு உண்டு. வாடகை வீட்டுக்கு வாரிசு ஏது என்று கேட்போர் நம்மிடையே உளர். கேள்வி நியாயமானதே. மாதந்தோறும் பணம் கொடுத்துக் குடியிருந்த வீடு மற்றொருவருடையது. தந்தை கண்மூடியபின் பிள்ளைகள் அதில் உரிமை கொண்டாட அவர் எதை விட்டுச் சென்றார்? ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் நகரங்களில் எத்தனையோ குடும்பங்கள், பெற்றோருக்குப் பின்னும் அதே கூரையின்கீழ் அடுப்பு மூட்டி வாழ்ந்தன. வீட்டுக்காரரின் இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. சட்டம் அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தது. அது வந்த வழியும் போன வழியும் நாம் அறிந்திருக்க வேண்டியவை.

அதன் பிறப்பிடத்தைத் தேடினால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் போய் நிற்போம். முதல் உலகப் போரின்போது கப்பல் தளங்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி மக்கள் அங்கே குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆண்கள் பலர் போர்முனையில் இருந்தமையால், எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. மேரி பார்பர் என்ற இல்லத்தரசி முன்னின்று நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் 1915-இல் நகரெங்கும் பரவியது. அவ்வாண்டு இறுதியிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சிறிய வீடுகளின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டமியற்றியது. பின்னர் 1920-இல் வந்த சட்டமோ இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. வாடகைதாரர் இறந்தால், அவருடன் அவ்வீட்டில் வாழ்ந்த மனைவியும், மனைவி இல்லாதவிடத்து உடன் வாழ்ந்த குடும்பத்தினரில் ஒருவரும் வாடகைதாரராகவே கொள்ளப்படுவர் என்றது.

உடன் வாழ்ந்த என்னும் சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். இனி வருவன யாவும் அதைச் சுற்றியே சுழல்கின்றன.

நம் நாட்டில் பம்பாய் 1918-லேயே இத்தகைய சட்டம் கண்டது. சென்னைக்கு அது இரண்டாம் உலகப் போரோடு வந்தது. முதலில் 1941-இல் ஓர் ஆணை. போர் முடிந்தபின் 1946-இலும் 1949-இலும் சட்டங்கள். இறுதியாக, நம்மில் மூத்தோர் பலரும் அறிந்த 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டம் வாடகைதாரர் யார் என்று விளக்குமிடத்தில், இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, மகன், மகள், சட்டப்படியான வாரிசு ஆகியோரையும் சேர்த்தது. ஆனால் ஒரு நிபந்தனை: வாடகைதாரர் இறக்கும்வரை அவரோடு அவ்வீட்டில் குடும்பத்தில் ஒருவராக அவர்கள் வாழ்ந்திருக்க வேண்டும்.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயிலின்றி இறந்தவரின் பிள்ளைகள் அனைவர்க்கும் அதில் சம பங்கு உண்டு. துபாயில் இருக்கும் மகனுக்கும் பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கும் வேறுபாடு இல்லை. அச்சட்டத்தின் கண்ணுக்கு இரத்தம் மட்டுமே தெரியும். வாடகைச் சட்டமோ வேறொன்றையும் கண்டது. முதிய தந்தைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, இரவில் கண்விழித்து, மணமாகாமலே உடனிருந்த மகள் அவ்வீட்டில் தொடரலாம். வெளியூரில் குடியேறிய மூத்த மகன் தந்தையின் பெயரைச் சொல்லி வந்து கேட்க இயலாது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கொடுக்கத் தயங்கிய காலத்தில், கூட இருந்தவளுக்கே வீடு என்று ஒரு வாடகைச் சட்டம் சொன்னது வியப்புக்குரியதே.

சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, திண்ணையில் நடப்பது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். மரணத்துக்குப் பின் தகராறு பெரும்பாலும் ரசீதில் தொடங்கும். மகள் பெயருக்கு ரசீது எழுதினால் அவளை வாடகைதாரராக ஒப்புக்கொண்டதாகும் என்பதால், வீட்டுக்காரர் வாடகையையே வாங்க மறுப்பார். சில மாதம் கழித்து வாடகை தரவில்லை என்று வழக்கிடுவார். இதற்கும் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. வங்கி ஒன்றைக் குறிப்பிடுமாறு வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் குறிப்பிடாவிட்டால் மணியார்டரில் அனுப்பலாம், அதற்கான கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம். அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம். திரும்பி வந்த மணியார்டர்த் துண்டுகளைக் குடும்பங்கள் ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தன. உடன் வாழ்ந்தமைக்குக் குடும்ப அட்டையும் வாக்காளர் பட்டியலும் சாட்சி சொல்லின.

நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. எல்லா வீட்டுக்காரரும் செல்வந்தர் அல்லர். ஒரே வீட்டின் பாதியை வாடகைக்கு விட்டு அதில் உயிர்வாழ்ந்த விதவைகளும் அவர்களுள் இருந்தனர். வாடகையை எளிதில் உயர்த்த முடியாத நிலையில், உரிமை தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் சென்றது அவர்களுக்குப் பேரிழப்பே. பம்பாய் வாடகைகள் பல்லாண்டுகளாக உறைந்து கிடந்தது நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றமே 1997-இல் கூறியது. இந்த மனக்குறையில் உண்மை உண்டு என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அதற்கு மருந்து வாடகையைச் சீராக்குவதேயன்றி, துக்க வீட்டைக் காலி செய்விப்பதன்று.

இவ்விடத்தில் நம் பங்குகளையும் நேராகத் தொடும் ஒரு செய்தி உண்டு. தமிழக அரசு 1976-இல் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமய அறநிலையங்களுக்குச் சொந்தமான கட்டடங்களை இச்சட்டத்திலிருந்து விலக்கியது. அந்த விலக்கு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அறப்பணிக்கு வருவாய் வேண்டும், அறநிலையங்கள் கொள்ளை லாபம் தேடமாட்டா என்பது காரணம். விளைவு என்னவெனில், தனியாருடைய வீட்டில் குடியிருந்தவரின் மகளுக்குச் சட்டம் துணை நின்றது. கோயிலுக்குச் சொந்தமான வீட்டில் குடியிருந்தவரின் மகளுக்கு அந்தத் துணை இல்லை. அவள் அங்கே தொடர்வதும் வெளியேறுவதும் வீட்டு நிருவாகத்தின் மனச்சான்றில் விடப்பட்டது. அரசு நம்மீது வைத்த இந்த நம்பிக்கை சிறியதன்று. அதற்கு நாம் எவ்வாறு ஈடுகொடுத்தோம் என்பதை அந்தந்தப் பங்கின் வாடகைப் பதிவேடுகளே சொல்லும்.

அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாய்ச்சொல்லால் நடந்துவந்த வாடகைகளுக்கும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயமாயிற்று. உடன் வாழ்ந்த குடும்பத்தினர்க்கு இப்போதும் உரிமை வரும். ஆனால் ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்துக்கு மட்டுமே. நம் ஊர்களில் வழக்கமாக எழுதப்படுவது பதினோரு மாத ஒப்பந்தம். ஒன்பதாம் மாத முடிவில் தாய் இறந்தால், அவரோடு இருந்த மகளுக்கு அந்த வீடு இன்னும் இரண்டு மாதங்களுக்கு உண்டு.