படர்தாமரை: பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில்

படர்தாமரை, தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகளால் வரும் தொற்று. சிறு வட்டமாகத் தொடங்கி, ஓரம் சிவந்து தடித்துப் பரவும். நடுப்பகுதி ஆறியதுபோல் தெரியும். அரிப்பு தூங்கவிடாது. வண்டுகடி என்றும் சொல்வார்கள்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டில், பாடு முறைப்படி தங்கள் முறை வரும் நாளில் வலை போடுவோரும், பறியை வாயில் கவ்வியபடி கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களும் மணிக்கணக்கில் நனைந்த துணியோடு இருக்கிறார்கள். ஏரித் தண்ணீரே நோயைத் தருகிறது என்று நினைப்பது சரியல்ல. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் காயாத ஈரம், புழுக்கம், உப்பு உரசித் தேய்ந்த தோல் ஆகியவை பூஞ்சைக்கு இடம் கொடுக்கின்றன. ஒரே துண்டு, ஒரே பாய் என்று புழங்கும் வீட்டில் அது ஆளுக்கு ஆள் தாவுகிறது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணில் பெரும்பாலும் வேறு வகைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் கலந்திருக்கும்.

இந்தக் கரையில் தோலில் தோன்றும் எந்தத் திட்டையும் ஒருகாலத்தில் அச்சத்தோடு பார்த்ததற்குக் காரணம் தொழுநோய். பழவேற்காடு அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்துத் திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவமனை 1955-இல் மத்திய அரசின் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமானது. இரண்டையும் பிரித்தறியும் முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். படர்தாமரை அரிக்கும், தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மரத்திருக்கும். தேமல் வெளிறிச் செதில் உதிரும், அரிப்பு குறைவு. உறுதி செய்ய, திட்டின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். எளிய, மலிவான இந்தச் சோதனை நம் மருத்துவமனைகளில் போதிய அளவு செய்யப்படுவதில்லை.

சிகிச்சையின் வரலாறு சீமையகத்தியில் தொடங்குகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் வேலியோரங்களில் ஊன்றிக்கொண்ட இந்தச் செடிக்கு வண்டுகொல்லி என்றும் பெயர். இலையை அரைத்து எலுமிச்சைச் சாற்றோடு பூசுவது நாட்டு வைத்தியம். இது வெறும் நம்பிக்கை அல்ல. எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்து 1868-இல் வெளியான இந்திய மருந்து நூல் இந்த இலையில் செய்த களிம்பை ஏற்றுக்கொண்டது. அக்காலத்தில் கோவாப் பொடி என்ற மருந்தும் புகழ்பெற்றிருந்தது. அது உண்மையில் பிரேசில் நாட்டு மரத்தூள். நோயைக் கட்டுப்படுத்தியது, தோலையும் துணியையும் கறையாக்கியது.

நோய்க்குக் காரணம் பூஞ்சை என்பதை 1840-களில் பாரிசில் டேவிட் குரூபி காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த விட்ஃபீல்டு களிம்பில் பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். எரிச்சல் தந்தாலும் இன்றும் பயன்படுகிறது. 1939-இல் பெனிசிலியம் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்த கிரிசியோஃபுல்வின், 1958-இல் நடந்த சோதனைகளுக்குப் பிறகு உட்கொள்ளும் மருந்தானது. முடியிலும் நகத்திலும் ஒளிந்த பூஞ்சையை எட்டிய முதல் மாத்திரை அதுதான். பின்னர் குளோட்ரிமசோல், டெர்பினாஃபின், இட்ரகோனசோல் வந்தன. நோய் அடங்கிவிடும் என்றே தோன்றியது.

நடந்தது வேறு. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த களிம்புகள் மருந்துச்சீட்டு இல்லாமலே கடைகளில் விற்றன. குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு ஓரிரு நாளில் அரிப்பைத் தணிக்கும். தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும். வட்டத்தின் அடையாளமே மாறி, மருத்துவரே தடுமாறும் நிலைக்கு 1968-இலேயே மருத்துவ உலகம் பெயர் வைத்திருந்தது. கடலோரக் கூலிக்காரர் ஒருநாள் வேலையை விட்டு மருத்துவமனை போவதைவிடக் கடையில் ஒரு டியூப் வாங்குவது இயல்பு. அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை, விற்றவர்களையும் விற்கவிட்டவர்களையும்தான் சொல்ல வேண்டும். தோல் மருத்துவர் சங்கத்தின் நெடிய வற்புறுத்தலுக்குப் பின், 2018 மார்ச்சில் 14 பூச்சு ஸ்டீராய்டுகள் சீட்டின்றி விற்கக்கூடாத ஹெச் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

அதற்குள் டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சை நாடெங்கும் பரவியிருந்தது. இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்ததை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டனர். 2023-இல் நியூயார்க்கிலும் அது இருவரிடம் கண்டறியப்பட்டது.

இன்று மருத்துவர்கள் பூச்சோடு மாத்திரையும் சேர்த்து, பல வாரங்கள் தருகிறார்கள். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். வீட்டில் தொற்றியுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஏற்கெனவே கடையில் வாங்கிப் பூசியவர்கள் அந்த டியூபைத் தூக்கிப் போடாமல், மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.